பேசாலைப் பிள்ளை ஏன் நுவரெலியாவைப் பற்றி எழுத வேண்டும்?

மன்னார்த் தீவின் பேசாலையில் வளரும் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில எழுத்துப் பரீட்சை வாழ்நாளில் இரண்டு தடவை வருகிறது. முதலாவது பதினாறு வயதில், க.பொ.த. சாதாரண தரத்தில். அடுத்தது இருபது தாண்டியபின், மேற்படிப்புக்கோ வெளிநாட்டு வேலைக்கோ யாழ்ப்பாணமோ கொழும்போ போய் எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில். இரண்டிலும் அவர்கள் சறுக்கும் இடம் ஒன்றே. வாசித்து விடை தெரிவுசெய்யும் வினாக்களில் ஓரளவு புள்ளி எடுத்துவிடுகிறார்கள். வெறும் கோடுகளைக் காட்டி, இத்தனை சொல்லில் நீயே எழுது என்று கேட்கும் பகுதிக்கு வந்ததும் பேனை நின்றுவிடுகிறது. அல்லது வேறு யாரோ எழுதியதை ஒப்புவிக்கத் தொடங்குகிறது.

மன்னார்த் தீவுப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளை மாலை வகுப்புகளில் திருத்திவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் நன்றாகவே உழைக்கிறார்கள். நாங்கள் அவர்களை உழைக்கவைக்கும் முறைதான் பிழை. எழுத்துப் பகுதிக்கு ஆயத்தம் என்ற பெயரில் நாங்கள் கொடுப்பது பாடமாக்கும் வேலை.

பரீட்சை என்ன கேட்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்வது நல்லது. சாதாரண தர ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதற்கு 1 மணித்தியாலம், இரண்டாவதற்கு 2 மணித்தியாலம். முதலாவதில் சின்னக் குறிப்பு, சிறு பந்தி என்று எழுத்து வேலை அளவோடு வரும். இரண்டாவதில் சுமார் 100 சொற்களில் ஒரு கடிதம் அல்லது வரைபு விளக்கம், கடைசியில் சுமார் 200 சொற்களில் கட்டுரை, பேச்சு, கதை என்பவற்றில் ஒன்று. 35 புள்ளி எடுத்தால் ‘எஸ்’ சித்தி. ஆகவே எழுதும் வினாக்களை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றைப் பொறுக்கிச் சேர்த்து 35ஐ எட்டினால் போதும் என்று கணக்குப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடச் சித்தி, அதில் தாய்மொழியும் கணிதமும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தி இருந்தால் சரி. ஆங்கிலம் கட்டாயமில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எல்லோரும் எழுதவேண்டிய பாடம்தான், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியில் அது சேராது. இப்படி இரண்டு கதவுகளையும் ஆங்கிலம் இல்லாமலே தாண்டிவந்த பிள்ளை, பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதற்கிழமையே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவேண்டியிருக்கிறது.

எழுத்து பின்தள்ளப்பட்டதற்கு வேறு காரணமும் உண்டு. ஆங்கிலம் என்றால் பேச்சு என்றே ஊர் நினைக்கிறது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்தபோது, கூச்சமில்லாமல் எங்கள் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்பதுதான் அதன் முழக்கம். கலியாணம் முடித்து லண்டன் போகிற பிள்ளைக்கு விசாவுக்காகக் கேட்கப்படுவது ஏ1 நிலைப் பேச்சும் கேட்டலும் மட்டுமே. அதனால் ‘ஸ்போக்கன் இங்கிலிஷ்’ பதாகை சந்திக்குச் சந்தி தொங்குகிறது. பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண தரத்தில் மூன்று மணித்தியாலமும் தாளில்தான் நடக்கிறது. அதில் ஒரு நிமிடம்கூட எவரும் பிள்ளையோடு பேசிப் பார்ப்பதில்லை.

பாடமாக்குவது எங்கள் ஊரில் சாமானியமான திறமை இல்லை. இயேசுவின் பாடுகளைக் காட்டும் பேசாலையின் உடக்குப் பாஸ் நாடு முழுக்கப் பேர் பெற்றது. பாட்டும் வசனமும் ஒப்பாரியும் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே கையளிக்கப்பட்டு வந்தவை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளை இருநூறு சொல் ஆங்கிலக் கட்டுரையை இரண்டு நாளில் பாடமாக்கிவிடும். அந்தத் திறமையைக் கண்டதும் ரியூசன் வகுப்பில் வேலை சுலபமாகிறது. பத்துக் கட்டுரை, ஐந்து கடிதம், மூன்று பேச்சு; அச்சடித்த தாள் கைக்கு வருகிறது; பாடமாக்கு, பரீட்சையில் எது வருகிறதோ அதை இறக்கு. இப்போது கைத்தொலைபேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. தாள் அடிக்கும் செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

இதன் விளைவை ஒரு கொப்பியில் காட்டலாம். தலைப்பு, நீ மகிழ்ந்த ஒரு பயணம். எழுதியவன் பத்தாம் வகுப்புப் பையன், கடற்றொழிலாளியின் மகன். கட்டுரை நுவரெலியாவில் தொடங்கியது. கிறகரி வாவி, ஹக்கல பூங்கா, பனிமூட்டம், ஸ்ட்ரோபெரி, கம்பளி மேற்சட்டை எல்லாம் வந்தன. இலக்கணப் பிழை அரிது. அதே கட்டுரை அந்த வகுப்பில் வேறு நாலைந்து கொப்பிகளிலும் இருந்தது, வாவிக்கு எழுத்துக்கூட்டிய பிழையும் அதேதான். நீ நுவரெலியாவுக்குப் போனாயா என்று கேட்டேன். இல்லை சேர் என்றான். வவுனியாவுக்கு அப்பால் போனதில்லையாம்.

கடைசியாக எங்கே போனாய் என்றேன். தகப்பனோடு வடகடலுக்குப் போனதைச் சொன்னான். திங்கள், புதன், சனி வலை போடமாட்டார்கள், இந்தியப் பக்கத்து றோலர்கள் வரும் இரவுகள் அவை. அன்று கணக்கு எப்படியோ பிசகிவிட்டது. விடியப்போய்ப் பார்த்தால் போட்ட இடத்தில் வலை இல்லை. மிதவை இரண்டு மட்டும் தனியே அலைந்துகொண்டிருந்தன. கடன்பட்டு வாங்கிய வலை. இவ்வளவையும் தமிழில் மூச்சுவிடாமல் சொன்னான். இதையே இங்கிலிஷில் எழுது, பிழை வந்தால் வரட்டும் என்று உட்கார்த்தினேன். முக்கால் மணித்தியாலத்தில் ஒன்பது வசனம் எழுதினான். அதில் இரண்டு இப்படி இருந்தன: ‘மை ஃபாதர் நொட் ரோக். ஹீ சிற் அண்ட் லுக் த வோட்டர்.’

பிழைகளை எண்ணுவது சுலபம். துணைவினை இல்லை, இறந்தகாலம் இல்லை, பார்ப்பதற்குப் பின் வரவேண்டிய இடைச்சொல் இல்லை. மூன்றும் பத்து நிமிடத்தில் திருத்தக்கூடியவை. திருத்தியபின் அந்த இரண்டு வசனத்தோடு நிற்கக்கூடிய ஒரு வசனத்தை நுவரெலியாக் கட்டுரையில் தேடினால் கிடைக்காது. அதைவிட முக்கியம், திருத்தம் அவன் தலையில் தங்கியது. தகப்பன் பேசாமல் இருந்தது நடந்து முடிந்த விஷயம் என்று அவனுக்குத் தெரியும், ஆகவே இறந்தகாலம் ஏன் வேண்டும் என்பது விளங்கியது. தான் போகாத பூங்காவில் நடந்தது எந்தக் காலம் என்று ஒரு பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடும் பிழைகளில் பெரும்பங்கு இப்படிக் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவை. போய், வலையை வாங்கி, மீனைக் கழற்றி, ஐஸ் போட்டு, கரைக்கு வந்தோம் என்று நாங்கள் சொல்கிறோம். ஐந்து வேலைக்குக் காலம் காட்டுவது கடைசி வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படி ஓடமுடியாது. ஒவ்வொரு வினைக்கும் காலம் போடவேண்டும், அல்லது இரண்டு மூன்று வசனமாக உடைக்கவேண்டும். இது தெரியாத பிள்ளை வினைகளை வெறுமனே அடுக்கி, நடுநடுவே ‘தென், தென்’ என்று போட்டுக்கொண்டு போகிறது. எழுவாயை விட்டுவிட்டாலும் தமிழில் வினைமுற்று யாரென்று காட்டிக்கொடுக்கும், ஆங்கில வினை காட்டாது. பாடமாக்கிய கட்டுரையில் இந்தப் பிழை ஒன்றும் வெளியே தெரியாது. தெரியாத பிழையை எந்த ஆசிரியரும் திருத்தமுடியாது. கொப்பி சுத்தமாக இருக்கிறதே என்று பெற்றோர் சந்தோஷப்படுவார்கள். பரீட்சை மண்டபத்தில் தலைப்பு சற்று மாறிவந்தால், அத்தனை மாதம் மறைந்திருந்த பிழை முழுவதும் ஒரே நாளில் வெளியே வரும்.

பாடமாக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. கடிதத்தில் விலாசம் எங்கே, திகதி எங்கே, விளித்தல் எப்படி, கையொப்பத்துக்கு மேல் என்ன எழுதுவது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரவேண்டியவை. முறைப்பாட்டுக் கடிதத்தின் முதல் வசனம், வரைபை அறிமுகப்படுத்தும் வசனம், ஒப்பிடும்போது பயன்படும் இணைப்புச் சொற்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டகத்தைப் பாடமாக்கலாம். உள்ளே வருவது பிள்ளையின் சொந்தச் சரக்காக இருக்கவேண்டும்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் இந்த வேறுபாடு இன்னும் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. எழுத்துக்கு 60 நிமிடம், இரண்டு வேலை. முதலாவது குறைந்தது 150 சொல், அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். கல்விப் பிரிவினருக்கு வரைபோ அட்டவணையோ வரும், பொதுப் பிரிவினருக்குக் கடிதம். இரண்டாவது குறைந்தது 250 சொல்லில் வாதக் கட்டுரை, 40 நிமிடம். இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரு மடங்கு நிறை. கேட்டதற்கு விடை சொன்னாயா, கருத்து கோவையாக ஓடுகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்ற நாலு அளவுகோலுக்கும் சம பங்கு. முழுவதும் பாடமாக்கிய விடை என்று நிரூபணமானால் பூச்சியம்தான்.

முழுக்கப் பாடமாக்காமல் பாதி பாடமாக்கும் வழக்கம் இங்கே அதிகம். இந்த நவீன உலகில் என்று தொடங்கும் அறிமுகம், நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்ற நடுப்பகுதி, ஆகவே நன்மை தீமை இரண்டும் உண்டு என்ற முடிவு. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் இந்த வார்ப்பு எந்தத் தலைப்புக்கும் விடையாக இருப்பதில்லை. கேட்டதற்கு விடை சொன்னாயா என்ற முதல் அளவுகோலிலேயே புள்ளி விழுகிறது. பிறகு, ஆறரை வேண்டிய பிள்ளைக்கு எழுத்தில் மட்டும் ஐந்தரை வந்துவிட்டது என்று இன்னொரு தடவை காசு கட்டுகிறார்கள். அந்தக் காசு எங்கள் கரையில் எத்தனை நாள் தொழில் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாதக் கட்டுரைக்குக் கருத்து வேண்டும். கருத்து இல்லாத பிள்ளை எங்கள் தீவில் இருக்கிறதா? தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற், 2020 டிசம்பரில் திறந்தது. அதன் நிழலில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருகிறார்கள். மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள், மீன் விலகிப்போகிறது, மழைத் தண்ணீர் வடியமாட்டேன் என்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். 2025இல் புதிய கோபுரங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் நாட்கணக்காகப் போராட்டம் நடந்தது. ஓர் ஊரின் நிலத்தில் நாட்டுக்கான திட்டம் வரும்போது யார் முடிவெடுப்பது என்பது அச்சொட்டாக அந்தப் பரீட்சையில் வரக்கூடிய கேள்வி. பிள்ளை வீட்டில் கேட்ட இரண்டு பக்கத்தையும் எழுதி, தன் நிலைப்பாட்டைச் சொல்லி, அதற்கு நடுக்குடாவிலோ தலைமன்னாரிலோ கண்ட ஓர் உதாரணத்தை வைத்தால் அது விடை. றோலர்கள் இழுக்கும் அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் இருந்தும் ஏன் நடக்கிறது என்பதை எங்கள் பிள்ளை எழுதாமல் யார் எழுதுவது?

இதில் பரீட்சையைத் தாண்டிய ஒரு தேவையும் இருக்கிறது. காற்றாலைத் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது. அதன் சுற்றாடல் அறிக்கைகள் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வெளியாயின. எங்கள் கடலையும் குருவிகளையும் பற்றி அங்கே எழுதியிருப்பதை வாசித்து, இந்த இடம் பிழை, இந்தத் தரவு பழையது என்று பதில் எழுதக்கூடியவர்கள் கரையோரக் கிராமங்களில் எத்தனை பேர் இருந்தார்கள்? சாதாரண தரத்தில் 100 சொல்லில் கேட்கிறார்களே முறைப்பாட்டுக் கடிதம், அதன் பெரிய வடிவம்தான் அது.

தரவை வைத்து எழுதுவது எப்படி என்பதற்கு மன்னாரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் மறைமாவட்டக் குருக்களும் எழுத்தில் ஒரு சமர்ப்பணம் கொடுத்தார்கள். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார்கள். இரண்டு எண், அவை எங்கிருந்து வந்தன என்ற குறிப்பு, ஒரு கழித்தல், ஒரு கேள்வி. உலகம் முழுக்க அந்த எண் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அந்தத் துயரத்தைப் பரீட்சைப் பாடமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணைச் சரியாக எடுத்து, சரியான இடத்தில் வைத்து, அடைமொழி இல்லாமல் எழுதினால் எழுத்துக்கு எவ்வளவு பலம் வருகிறது என்பதை எங்கள் மண்ணில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார், அதைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வரைபு விளக்கத்தில் இருக்கும் எல்லா எண்ணையும் வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, எது பெரிய மாற்றம், எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரிவுசெய்யப் பழக்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தின் பதிவுக் கொப்பியில் மாதவாரி மீன் கணக்கு இருந்தால், அது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும் வரைபுக்குக் குறைந்ததல்ல.

கவலையைத்தான் எழுதவேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கவும் கூடாது. வலை போன கதையை எழுத விரும்பாத பிள்ளை வெற்றி அன்னை ஆலயத் திருவிழாவை எழுதட்டும், உதைபந்தாட்டத்தை எழுதட்டும், அம்மம்மா கருவாடு காயவைக்கும் விதத்தை எழுதட்டும். சொந்தச் சரக்கு என்றால் துக்கம் என்று அர்த்தமில்லை.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன். எழுதினால் போதாது, யாராவது வாசித்துத் திருத்தவேண்டும். ஒரு வகுப்பில் 35 பிள்ளை, ஆளுக்கு 200 சொல் என்றால் ஒரு தடவைக்கு 7,000 சொல். மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு 21,000 சொல், கிழமைக்கு ஒரு கட்டுரை என்றாலும். வீட்டு வேலை, பிள்ளை குட்டி, பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் நடுவில் எந்த மனுசியால் முடியும்? அச்சடித்த கட்டுரையைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வது சோம்பல் என்று ஆசிரியர்களைத் திட்டுவது நியாயமில்லை. திருத்த நேரமில்லாத இடத்தில் பிழையில்லாத கட்டுரை பாதுகாப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊருக்கு வாசிக்கக்கூடிய ஆட்கள் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேசாலையின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து, ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களின் பெற்றோர் ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள். திருவிழாவுக்கும் மைதானத்துக்கும் பள்ளிக்கும் கொடுக்கிறார்கள். அதற்கு ஊர் நன்றி மறக்காது. அதோடு கிழமைக்கு ஒரு மணித்தியாலமும் கேட்கிறேன். ஒருவர் இரண்டு பிள்ளையை எடுத்துக்கொண்டால் போதும். பிள்ளை கையால் எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும். தட்டச்சு வேண்டாம், சாதாரண தரப் பரீட்சை கையெழுத்தில்தான் வருகிறது. பிள்ளை தொடர்பாக என்ன அனுப்பினாலும் ஆசிரியரும் பெற்றோரும் இருக்கும் குழுவுக்குள்ளேயே அனுப்பவேண்டும். பழைய மாணவர் சங்கமும் பங்கும் சேர்ந்து ஒழுங்குசெய்தால் செலவே இல்லை.

வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாப் பிழையையும் சிவப்பால் கோடிடாதீர்கள், பிள்ளை அடுத்த கிழமை அனுப்பாது. ஒரு தடவைக்கு ஒருவகைப் பிழை மட்டும்: இந்தக் கிழமை காலம், அடுத்த கிழமை எழுவாயும் வினையும். பக்கத்தின் அடியில் உண்மையாகவே அறிய விரும்பும் ஒரு கேள்வி எழுதுங்கள். வலையின் விலை என்ன? தகப்பன் அடுத்த நாள் கடலுக்குப் போனாரா? அந்தக் கேள்விக்கு விடை சேர்த்து, பிழையைத் திருத்தி, பிள்ளை அதே கட்டுரையைத் திரும்ப எழுதவேண்டும். புதிய தலைப்புக்கு ஓடவேண்டாம். மூன்றாம் தடவை எழுதும்போது கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதுகிறவர்கள் 40 நிமிடத்தில் முதல் ஐந்தைத் திட்டத்துக்கும் கடைசி ஐந்தைப் பிழை பார்ப்பதற்கும் ஒதுக்கிப் பழகட்டும். சாதாரண தரப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளை இரண்டு மணித்தியாலத்தில் முழுதாகச் செய்து பார்க்கட்டும், கட்டுரையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு விடாமல். பத்தாம் வகுப்பின் முதலாம் தவணையில் தொடங்கினால் பரீட்சைக்கு முன் ஒரு பிள்ளை இருபது கட்டுரையாவது இப்படி எழுதித் திருத்தி முடிக்கலாம். இந்தத் தவணை தொடங்கியதும் பள்ளியும் பழைய மாணவர் சங்கமும் பங்குமனையும் ஒருதரம் கூடியிருந்து பேசினால், வாசிக்கச் சம்மதிப்பவர்களின் பட்டியலை அந்த மாதத்துக்குள்ளேயே எடுத்துவிடலாம்.